நாலு மஞ்சள், ஒரு நீலம்

லிங்கராஜபுரம் சித்ரகூட் மேனர் அடுக்ககத்தில் கணேசமூர்த்தி வாங்கிய முதல் அடி மிகுந்த மரியாதையோடு கொடுக்கப்பட்டது. அடித்தவர் டென்சில். ஒரு காலத்தில் பள்ளிக்கூடப் பையன்களுக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுத்தவர், இப்போது உரிமையாளர் சங்கத்தின் ஒழுங்கு உறுப்பினர். முதலில் கண்ணாடியைக் கழற்றி வைக்கச் சொன்னார். கழற்றும்வரை பொறுமையாக நின்றார். "தப்பா எடுத்துக்காதீங்க ப்ரதர், அசோசியேஷன் வேலை" என்றார். அதன்பிறகுதான் இடது தாடையில் ஒன்று வைத்தார். கணேசமூர்த்தி ஷூ ரேக்கின் மேல் போய் விழுந்து, விழுந்த இடத்திலிருந்தே "பரவால்லீங்க" என்றார்.

இத்தனைக்கும் அவர் செய்த குற்றம் ஒன்றுதான். அனுமதி கேட்டார்.

கணேசமூர்த்தி திருப்பத்தூர்க்காரர். மாரத்தஹள்ளியில் ஒரு கம்பெனியில், மற்றவர்கள் போட்ட லீவு முறைப்படி போட்ட லீவுதானா என்று சரிபார்ப்பது அவர் வேலை. பஸ்ஸில் காலி சீட்டில் உட்காரும் முன்பு பக்கத்து சீட்டுக்காரரைக் கேட்டுவிட்டு உட்காருகிற ஜாதி. போன வருஷம்தான் சித்ரகூட் மேனரில் சொந்தமாக வீடு வாங்கிக் குடிவந்தார். குடிவந்த அன்று லிஃப்டில் ஏறலாமா என்று வாட்ச்மேனைக் கேட்டார். வாட்ச்மேன் அதை இன்றுவரை மறக்கவில்லை.

அவர் மனைவி சாந்தகுமாரி ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் போனில் பேசும் பிரிவில் இருந்தாள். அடிபட்டவர்கள், ஆஸ்பத்திரியில் கிடப்பவர்கள், அவர்களுடைய அண்ணன் தம்பிகள் கூப்பிடுவார்கள். கேட்டு, பதிந்து, வழி சொல்ல வேண்டும். கல்யாணமாகிப் பல வருஷம் வேலை தேடி, எல்லா இடத்திலும் இடைவெளி ஏன் என்று கேட்டே திருப்பி அனுப்பப்பட்டு, கடைசியில் கிடைத்த வேலை. கிடைத்த கொஞ்ச நாளிலேயே ஹென்னூர் மெயின் ரோட்டில் ஸ்கூட்டர் ஒரு பள்ளத்தில் இறங்கியது, சாந்தகுமாரி இறங்கவில்லை, பறந்தாள். தொடை எலும்பு முறிந்து பிளேட் வைத்துத் தைத்திருந்தார்கள். காலைக் கீழே ஊன்றவே கூடாது, படுக்கையிலேயே இருக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

கம்பெனி பெருந்தன்மையாக நடந்துகொண்டது. திங்கட்கிழமையிலிருந்து வீட்டில் படுத்துக்கொண்டே வேலை பார்க்கலாம், ஆனால் லைன் அறுபடக் கூடாது, அறுபட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் போட்டுக்கொள்வோம் என்றது. "கால் போனாக்கூட பரவால்லங்க, இது போகக் கூடாது" என்றாள் சாந்தகுமாரி. சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை.

சித்ரகூட் மேனரில் நெட்டுக்குப் பஞ்சமில்லை. கீழே ஒரு அறையில் பெரிய இணைப்பு ஒன்று வந்து, அங்கிருந்து சுவருக்குள்ளேயே வயர் ஓடி, வீட்டுக்கு ஒரு ஓட்டை என்று எல்லா வீட்டு ஹாலிலும் முடிந்திருந்தது. ஹாலில், ஷூ ரேக்குக்குப் பின்னால். படுக்கையறையில் ஓட்டை கிடையாது. மொபைல் சிக்னல் என்பது அந்த வீட்டில் பால்கனிக் கம்பிக்கு வெளியே கழுத்தை நீட்டினால் மட்டும் கிடைக்கும் பொருள்.

முதலில் ஒரு நீள வயர் வாங்கி ஹாலிலிருந்து படுக்கையறை வரை தரையில் விட்டுப் பார்த்தார்கள். சங்கத்தின் வயர் பாதுகாப்பு உபகுழுவுக்குக் கன்வீனர் பத்ரிநாத். தரையில் வயர் கிடப்பது ஆபத்தா என்று ஆய்வு செய்ய வந்தவர், அதிலேயே தடுக்கி டீப்பாயின் மேல் வாயால் இறங்கினார். முன்பல் பாதி உள்ளே போனது, பாதி வெளியே வந்தது. ரத்தத்தை ஒரு கையால் பொத்திக்கொண்டு, "ஆபத்துதான்" என்று ஆய்வை முடித்து, வயரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கட்டிலை ஹாலுக்கு மாற்றலாமே என்று யோசித்தார்கள். ஹாலில் கட்டில் போட்டால் அது பேயிங் கெஸ்ட் நடத்துவதற்கான முதல் அறிகுறி, சித்ரகூட் மேனரில் பி.ஜி. நடத்தக் கூடாது என்று சங்கம் சொல்லிவிட்டது. கெஸ்ட் யாரும் இல்லை, என் பெண்டாட்டிதான் என்றார் கணேசமூர்த்தி. எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள் என்றது சங்கம்.

அதனால்தான் அவர் எலெக்ட்ரானிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்குப் போய் அந்த வெள்ளைப் பெட்டியை வாங்கினார். இரண்டு கொம்பு வைத்த சின்னப் பெட்டி. பின்பக்கம் நாலு மஞ்சள் ஓட்டை, ஒரு நீல ஓட்டை. கடைக்காரர் விளக்கினார். "செவுத்துல இருந்து வர்ற வயரை நீலத்துல சொருகுங்க, கரண்ட் குடுங்க, வீடெல்லாம் வை-ஃபை வந்துடும், அவ்ளோதான் சார். மஞ்சள்ல மட்டும் சொருகிடாதீங்க. சொருகினா, இந்தக் கட்டடத்துக்கே நான்தான் எஜமான்னு இது நெனச்சுக்கும். எல்லா வீட்டுக்கும் இதுவே நம்பர் குடுக்க ஆரம்பிச்சுடும். ஒருத்தருக்கும் நெட் வராது."

சொருகுவதற்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். சொருகியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் வாசல் கேட்டுக்கு உள்ளே, எதையும் பொருத்துவதற்கு முன் சங்கத்தைக் கேட்கவும் என்று பெரிய போர்டு ஒன்று இருந்தது. அதைப் பொருத்தியபோது யாரும் யாரையும் கேட்டதில்லை என்பது வேறு விஷயம். சித்ரகூட் மேனரின் வரலாற்றிலேயே அந்தப் போர்டைப் படித்தவர் கணேசமூர்த்தி ஒருவர்தான்.

சங்கத் தலைவர் வைத்தீஸ்வரன் மேல் மாடியில் இருந்தார். மூன்று தலைமுறையாக இந்த ஊரில் சர்க்கார் உத்தியோகம் பார்த்த குடும்பம். அவரும் ஏதோ ஒரு இலாகாவில் பெரிய இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். சுவருக்குள் வயர் இழுத்தபோது குடை பிடித்துக்கொண்டு நின்று மேற்பார்வை பார்த்தவர் அவர்தான். வீட்டுக்குள் எதற்குக் குடை என்று யாரும் கேட்டதில்லை. கணேசமூர்த்தி போனபோது அவர் மனைவி ரமா காபி கொண்டுவந்து வைத்தாள். வைத்தீஸ்வரனின் தலைக்கு மேலே, சுவரில், நாலு கொம்பு வைத்த வை-ஃபை பெட்டி ஒன்று பச்சையாகக் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது.

கணேசமூர்த்தி அதையே பார்த்தார்.

"அது டிவியோட வந்தது" என்றார் வைத்தீஸ்வரன்.

"இல்லைங்க சார், நானும் இதே மாதிரி ஒண்ணு வெச்சுக்கலாமான்னுதான்..."

"தாராளமா வெச்சுண்டிருக்கலாம். எல்லாரும் வெச்சிருக்கா. பத்ரிநாத் அரிசி டப்பாக்குப் பின்னால வெச்சிருக்கார். டென்சில் ஏசு படத்துக்குப் பின்னால. யாராவது கேட்டாளா? இல்லே. கேக்காம வெச்சா அது பழக்கம், மிஸ்டர் கணேசமூர்த்தி. கேட்டுட்டு வெச்சா அது முன்னுதாரணம். பழக்கத்தோட ஒரு சங்கம் எத்தனை வருஷம் வேணாலும் குடித்தனம் பண்ணலாம். முன்னுதாரணத்தோட ஒரு நாள்கூட முடியாது."

"அப்ப நான் கேக்கலைன்னே வெச்சுக்குங்க சார்."

"கேட்டுட்டேளே. என் காதுல விழுந்துடுத்து. முப்பத்தஞ்சு வருஷம் சர்வீஸ்ல என் காதுல விழுந்த ஒண்ணை நான் விழலைன்னு சொன்னதில்லே. அதனாலதான் பாதி நாள் காதுல பஞ்சு வெச்சுண்டிருப்பேன்." அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "உபகுழுவை அனுப்பறேன். எழுதிக் குடுங்கோ."

ரமா வாசல்வரை வந்தாள். "நீங்க பாட்டுக்கு வெச்சிருக்கலாமே" என்று மெதுவாகச் சொன்னாள். கணேசமூர்த்திக்கும் அது அப்போதுதான் தோன்றியது.

உபகுழு வந்தது. பத்ரிநாத் வாயில் பஞ்சு வைத்துக்கொண்டு சுத்தியலோடு வந்தார். கூடவே டென்சில். பெட்டியை நீல ஓட்டையில் சொருகி நடத்திக் காட்டும்படி உத்தரவாயிற்று. கணேசமூர்த்தி சொருகினார். விளக்கு எரிந்தது. உள்ளேயிருந்து சாந்தகுமாரியின் குரல் வந்தது. "ஏங்க, வந்துடுச்சுங்க. எங்க ஆபீஸ் பக்கமே திறக்குதுங்க." ஆபரேஷனுக்குப் பிறகு அவள் குரலில் சந்தோஷம் கேட்டது அன்றைக்குத்தான்.

அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு கம்மி. ஒரு வீட்டுக்குச் சொந்தமான எதுவும் அந்த வீட்டுச் சுவரைத் தாண்டக் கூடாது என்பது சங்கத்தின் ஆதார விதி. கருவாட்டு வாசனைக்காகப் போட்ட விதி, ஆனால் எதற்கும் பொருந்தும். பத்ரிநாத் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு வராண்டாவுக்குப் போனார், சிக்னல் கூடவே வந்தது. பக்கத்து வீட்டு ஆராவமுதனின் பூஜையறைக்குப் போனார், அங்கேயும் வந்தது. ஆராவமுதன் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"பெருமாள் முன்னாடி போனைத் திறந்தா, 'கணேசமூர்த்தி வீடு'ன்னு காட்டறது. என் பூஜை ரூம் எப்போ ஓய் உங்க வீடாச்சு?"

"அது வை-ஃபைக்கு வெச்ச பேருங்க."

"பேர் வெப்பேள், அப்புறம் பட்டா வாங்குவேள். அத்திபெலேல எங்க மாமாவோட காலி சைட் அப்படித்தான் போச்சு."

சிக்னலைச் சுவரோடு நிறுத்திக்கொள்ளும்படி பத்ரிநாத் உத்தரவிட்டார். கணேசமூர்த்தி கையைப் பிசைந்துகொண்டு, "அது முடியாதுங்களே" என்றார். உபகுழுவை எதிர்த்துப் பேசியதாக ஆயிற்று. டென்சில் கண்ணாடியைக் கழற்றச் சொன்னது அப்போதுதான்.

அவர் ஷூ ரேக்கிலிருந்து எழுவதற்குள் பத்ரிநாத் வேலையை ஆரம்பித்துவிட்டார். சிக்னல் எந்த இடத்தில் கசிகிறது என்று கண்டுபிடிக்க சுவரைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். தட்டல் கொஞ்ச நேரத்தில் இடியானது. சிமென்ட் பெயர்ந்தது, செங்கல் பெயர்ந்தது. சிக்னல் அகப்படவில்லை, தண்ணீர்க் குழாய் அகப்பட்டது. அதன்மேல் போட்ட அடியில் குழாய் வெடித்து, தண்ணீர் சுவரின் அந்தப் பக்கம் ஆராவமுதனின் பூஜையறைக்குள் பாய்ந்தது. சாளக்கிராமத்துக்கு அன்று எதிர்பாராத அபிஷேகம்.

ஆராவமுதன் பூஜை மணியோடு வந்தார். நல்ல கனமான வெண்கல மணி. பத்ரிநாத்தின் உச்சந்தலையில் அதை இறக்கியபோது கோயிலில் தீபாராதனைக்கு அடிப்பது மாதிரியே ஒலித்தது. பத்ரிநாத் சுத்தியலால் பதில் சொன்னார், அது ஆராவமுதனின் தோளில் விழுந்தது. இருவரும் தண்ணீரில் புரண்டார்கள். ஆராவமுதன் பத்ரிநாத்தின் காதைப் பல்லால் பிடித்துக்கொண்டார். பத்ரிநாத்துக்குக் கடிக்கப் பல் போதவில்லை, அதனால் விரலைப் பிடித்து முறித்தார். ஒழுங்கு உறுப்பினர் என்ற முறையில் டென்சில் இருவரையும் தனித்தனியாக எழுப்பி நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, ஆளுக்கு ஒன்று கொடுத்தார். உரிமையாளர்களுக்குள் அவர் பாரபட்சம் பார்ப்பதில்லை.

"ஏங்க, அங்க யாருங்க செத்தாங்க?" என்று கேட்டாள் சாந்தகுமாரி.

"யாரும் சாகலை சாந்தி. கமிட்டி வந்திருக்கு."

போகும்போது பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். படுக்கையறைக்குள் வந்த கணவனின் வீங்கிய தாடையை சாந்தகுமாரி பார்த்தாள். சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். லேப்டாப் மட்டும் அவள் வயிற்றின் மேல் திறந்தபடி இருந்தது, ஆபீஸ் பக்கத்தின் மேல் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அடித்தளப் பார்க்கிங்கில் பொதுக்குழு கூடியது. மறுநாள் திங்கள். கார்களுக்கு நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மைக் வைத்து, மேஜையின் மேல் வெள்ளைப் பெட்டியை வைத்திருந்தார்கள். பத்ரிநாத் தலையில் கட்டோடும் ஆராவமுதன் விரலில் கட்டோடும் அடுத்தடுத்து உட்கார்ந்து கடலை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அடித்துக்கொண்டது கமிட்டி விஷயமாக, தனிப்பட்ட விரோதம் ஒன்றுமில்லை.

வைத்தீஸ்வரன் மைக்கைப் பிடித்தார்.

"இந்த சங்கத்துக்கு யார் மேலயும் கோபம் கிடையாது. வயர் மேல நமக்கு ஏன் மரியாதை? வயர்னா எங்கேர்ந்து கிளம்பறது, எங்கே போய்ச் சேர்றதுன்னு தெரியும். வேணும்னா பிடுங்கலாம். ஒரு விஷயத்தைப் பிடுங்க முடியும்னாதான் அதை நிர்வாகம் பண்ண முடியும். காத்துல போறதை யார் பிடுங்கறது? இன்னிக்கு சிக்னல் காத்துல போகும், நாளைக்கு குடித்தனக்காரா கமிட்டி இல்லாமலே சந்தோஷமா இருப்பா. அப்புறம் நாம எதுக்கு?"

எதுக்கு என்று யாரும் கேட்கவில்லை. கைதட்டினார்கள்.

ஆனாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறது, அதனால் பெட்டியைப் பொதுக்குழுவின் முன்னால் சோதித்துப் பார்க்கலாம் என்று தீர்மானமாயிற்று. பார்க்கிங் தூணிலும் ஒரு சுவர் ஓட்டை இருந்தது. அதிலிருந்து வயரை எடுத்து பத்ரிநாத் பெட்டியின் பின்பக்கம் கொண்டுபோனார், அங்கே கை நின்றது.

"மஞ்சளா, நீலமா?"

"நீலம் சார்" என்றார் கணேசமூர்த்தி எழுந்து. "மஞ்சள்ல சொருகினா கட்டடத்துக்கே..."

"தலைவர் அனுமதி இல்லாம உறுப்பினர் பேசக் கூடாது" என்றார் வைத்தீஸ்வரன். டென்சில் வந்தார், கண்ணாடி கழன்றது, வலது தாடையும் இடது தாடையோடு சமமாயிற்று. கணேசமூர்த்தி ஒரு காரின் பானெட்டில் விழுந்து, கார்க்காரரிடம் மன்னிப்புக் கேட்டார்.

"இது தனி மனுஷா அபிப்பிராயத்துக்கு விடற விஷயமில்லே. பின்னாடி என்ன இருக்கு, பத்ரி?"

"நாலு மஞ்சள், ஒரு நீலம்."

"மெஜாரிட்டி எதுவோ அதுல சொருகுங்கோ."

கை தூக்கச் சொன்னார்கள். எல்லாக் கையும் மஞ்சளுக்கு உயர்ந்தது. ஆராவமுதன் கூடுதலாக, மஞ்சள் மங்களகரம் என்றும் பதியச் சொன்னார். வயர் மஞ்சளில் இறங்கியது. விளக்கு எரிந்தது, கைதட்டல் ஓய்ந்தது, வைத்தீஸ்வரன் நன்றியுரைக்குத் தொண்டையைச் செருமினார்.

அதற்குள் அந்தப் பெட்டி கட்டடத்தின் எஜமானாகியிருந்தது. மேலே ஒவ்வொரு வீடாக நெட் நின்றது. கூட்டத்துக்கு வராமல் மாடியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கடைசி ஓவரில் பந்து காற்றிலேயே நின்றது. ஸ்னேஹா என்ற பெண்ணுக்கு வேலைக்கான கடைசி இன்டர்வியூ. உங்களிடம் உள்ள பலவீனம் என்ன என்று கேட்டவரின் வாய் திறந்தபடியே உறைந்துவிட்டது. அமெரிக்காவிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீடியோவில் பெண் பார்த்துக்கொண்டிருந்தான், பிடித்திருக்கிறதா இல்லையா என்று சொல்லவேண்டிய நொடியில் மறைந்தான். அந்த வீட்டார் மொத்தமாகவே இறங்கினார்கள்.

லிஃப்ட் திறந்தபோது முதலில் தெரிந்தது பேட்டுகள். பிறகு ஸ்டம்புகள், தரை துடைக்கும் கட்டைகள், ஒரு இட்லி குக்கர். படிக்கட்டிலும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். "யாரு நெட்டைப் புடுங்கினது?" என்று ஸ்னேஹா கேட்டாள். அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கையிலிருந்த கட்டையை பத்ரிநாத்தின் ஏற்கெனவே கட்டுப்போட்ட தலையில் வைத்தாள். அவர் மிச்சமிருந்த பற்களையும் மேஜையில் விட்டுவிட்டு நாற்காலியோடு சாய்ந்தார்.

அதற்குப் பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று சொல்வது கஷ்டம். பார்க்கிங்கில் பழைய கணக்குகள் நிறைய இருந்தன. கோடு தாண்டி நிறுத்திய கார், குரைத்த நாய், துளசித் தொட்டியில் சொட்டிய ஈரத்துணி, எல்லாவற்றுக்கும் அன்று பைசலாயிற்று. இட்லி குக்கர் ஒருவரின் மூக்கைத் தட்டையாக்கியது. மாப்பிள்ளை வீட்டுக்குச் சாட்சியாக வந்த தாய்மாமனை யாரோ காரின் பின்பெட்டியில் போட்டு மூடினார்கள். டென்சில் ஒவ்வொருவராகக் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி அடித்து வந்தார், கண்ணாடி போடாதவர்களை என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கணம் நின்றபோது பின்னாலிருந்து ஸ்டம்ப் விழுந்தது, முட்டி விலகியது. வைத்தீஸ்வரன் மைக்கை விடவே இல்லை. "வாடகைக்கு இருக்கறவா அடிக்கப்படாது. ஓனர்ஸ் மட்டும். ஓனர்ஸ் மட்டும் அடிக்கலாம்" என்று ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். விதிக்குக் கட்டுப்பட்ட ஒரு வாடகைக்காரர் தன் பேட்டை வீட்டுக்காரரிடம் கொடுத்து, தன் சார்பில் அடிக்கச் சொன்னார்.

"பெட்டியைக் கொண்டுவந்தது யாரு?" என்று ஒரு குரல் கேட்டது. எல்லாரும் திரும்பினார்கள்.

கணேசமூர்த்திக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பேட் ஒன்று வந்து இறங்கியதில் இடது முன்கை எலும்பு உடைந்த சத்தம் அவருக்கே கேட்டது. இன்னொன்று விலாவில். விழுந்தவர் மேஜைக்கு அடியில் ஊர்ந்தார். வலது கையை மேலே நீட்டித் துழாவினார். வயர் அகப்பட்டது, இழுத்ததில் பெட்டியும் தரைக்கு வந்தது. மஞ்சளிலிருந்து பிடுங்கி நீலத்தில் சொருகினால் போதும், எல்லாம் அடங்கிவிடும். அந்தக் கையின் மேல் ஒரு செருப்புக்கால் ஏறி நின்றது.

"மஞ்சள்னு தீர்மானம் போட்டாச்சு" என்றார் வைத்தீஸ்வரன், மேலேயிருந்து. "மாத்தணும்னா ரெண்டு வாரம் நோட்டீஸ் குடுத்து மறுபடி கூட்டம் போடணும். எழுதிக் குடுங்கோ."

ரெண்டு வாரம். நாளைக் காலை சாந்தகுமாரி லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். கணேசமூர்த்திக்கு வயிற்றிலிருந்து என்னவோ ஏறி வந்தது. கோபம் என்று மற்றவர்கள் சொல்வது இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். செருப்புக்கு மேலே தெரிந்த கணுக்காலை வாயால் கவ்வி, எலும்பு தட்டுப்படும்வரை கடித்தார். வைத்தீஸ்வரன் மைக்கிலேயே அலறினார். மைக் ஸ்டாண்டோடு மல்லாந்து, தூணில் மண்டை மோதி, உட்கார்ந்தவாக்கில் சரிந்தார். அப்போதும் விடாமல் கணேசமூர்த்தி அவர் மேல் ஏறி, உடையாத கையால் மூக்கில் ஒன்று வைத்தார். யாரையும் கேட்காமல் அவர் செய்த முதல் காரியம் அதுதான். நன்றாக இருந்தது. இன்னொன்றும் வைத்தார்.

பிறகு எழுந்து வயரைப் பிடுங்கி நீல ஓட்டையில் சொருகினார்.

சற்று நேரத்தில் பார்க்கிங் முழுவதும் எல்லார் பையிலும் போன்கள் சேர்ந்து கிணுகிணுத்தன. பேட்டுகள் தாழ்ந்தன. ரத்தம் வழிந்த முகங்கள் போனை நோக்கிக் குனிந்தன. கடைசிப் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியிருந்தது. மாப்பிள்ளைக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது.

ஆராவமுதன்தான் முதலில் பேசினார். "இந்தக் கட்டடத்துலேயே இவ்வளவு அடி வாங்கினவர் கிடையாது. வாங்கவும் தெரியறது, குடுக்கவும் தெரியறது. புதுத் தலைவருக்கு வேற என்ன வேணும்?" கைகள் உயர்ந்தன, உயர்த்த முடிந்த கைகள். வைத்தீஸ்வரன் மூக்கைப் பிடித்துக்கொண்டே வழிமொழிந்து, தன்னை ஆலோசகராகப் போட்டுக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். யாரோ காரின் முன்னால் தொங்கிய பழைய மாலையைக் கழற்றி வந்து கணேசமூர்த்தியின் கழுத்தில் போட்டார்கள். டென்சில் ஒற்றைக்காலில் நொண்டிக்கொண்டு வந்தார்.

"சேர்மன் சார், சேர் எல்லாம் மடக்கி வெச்சுடட்டுமா?"

கணேசமூர்த்தி அவரையே பார்த்தார். பிறந்ததிலிருந்து எதற்கும் யாரும் அவரிடம் அனுமதி கேட்டதில்லை. நெஞ்சுக்குள் வெதுவெதுப்பாக என்னவோ பரவியது. உடைந்த கை வலிக்கவே இல்லை. கொஞ்சம் யோசிப்பது மாதிரி இருந்துவிட்டு, "எழுதிக் குடுங்க" என்றார்.

பக்கத்து கிளினிக்கில் கட்டுப் போட்டுக்கொண்டு மதியம் வீடு வந்தார். கழுத்தில் கட்டிய தூளியில் ஒரு கை, மறு கையில் அந்தப் பெட்டி. அதைச் சுற்றிலும் பழுப்பு டேப் ஒட்டி, குறுக்கே சங்கத்தின் முத்திரை குத்தியிருந்தது.

"குடுத்துட்டாங்களாங்க?" என்றாள் சாந்தகுமாரி. எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"பாதுகாப்பா வெச்சிருக்கச் சொல்லி என்கிட்டத்தான் குடுத்திருக்காங்க. நான்தான் இப்ப தலைவர்."

"அப்பச் சொருகுங்க."

"அது எப்படி சாந்தி முடியும்? தலைவரே தன் வீட்டுக்கு அனுமதி குடுத்துக்கிட்டா நாலு பேர் என்ன சொல்வாங்க? கூட்டத்துல வெச்சிருக்கேன். ரெண்டு வாரம் நோட்டீஸ். நீ ஒரு மனு மட்டும் எழுதிக் குடுத்தீன்னா..."

சாந்தகுமாரி கிட்டே வரும்படி தலையசைத்தாள். கண்ணாடியைக் கழற்றச் சொல்லவில்லை. விட்ட அறையில் கண்ணாடி அலமாரிக்கு அடியில் போயிற்று, அவர் சுவரில் போய் மோதினார். "என்னை எழுதிக் குடுக்கச் சொல்ற நீ?" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவரை நீ என்று அவள் சொன்னதில்லை.

பெட்டியைப் பிடுங்கினாள். ஊன்றக் கூடாத காலைத் தூக்கிக்கொண்டு, கட்டிலை, கதவை, சுவரைப் பிடித்துப் பிடித்து ஒற்றைக்காலில் ஹாலுக்குத் தத்திப் போனாள். போகிற வழியெல்லாம் வலியில் அழுதுகொண்டே போனாள். பிடிக்கப் போன அவர் நெஞ்சில் முழங்கையால் ஒரு இடி. ஷூ ரேக் பக்கம் தரையில் உட்கார்ந்து, டேப்பைப் பல்லால் கிழித்துத் துப்பி, வயரை நீல ஓட்டையில் சொருகி, கரண்ட் கொடுத்தாள். விளக்கு எரிந்தது. திரும்பவும் அவளைப் படுக்கையில் கொண்டுபோய்ச் சேர்க்கும்போதுதான், அவர் தோளைப் பிடித்துக்கொள்ள அனுமதித்தாள்.

திங்கட்கிழமை காலை கணேசமூர்த்தி ஹாலில் உட்கார்ந்திருந்தார். வாசலில் பத்ரிநாத், ஆராவமுதன், வைத்தீஸ்வரன் மூவரும் கட்டுகளோடு வந்து நின்றிருந்தார்கள். தலைவர் வீட்டுச் சிக்னல் லிஃப்ட் வரை வருகிறது, என்ன நடவடிக்கை என்று கேட்டார்கள். அவர் காது அங்கே இல்லை. உள்ளேயிருந்து வந்த குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க சார், சாந்தகுமாரி பேசறேன்... ஓசூர் ரோட்டுலயா... ஐயோ... இல்லை சார், மனு எல்லாம் இப்ப வேண்டாம், அதை நான் பார்த்துக்கறேன். முதல்ல நீங்க சொல்லுங்க. உங்களுக்கு எங்கெல்லாம் அடிபட்டிருக்கு? ரொம்ப வலிக்குதா?"

இத்தனை நாளில் அந்தக் கட்டடத்தில் யாரும் யாரையும் அதைக் கேட்டதில்லை. கணேசமூர்த்தி தூளிக்குள் இருந்த கையைப் பார்த்தார். அது வலித்தது. நேற்றிலிருந்தே வலித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். வாசலில் நின்ற மூன்று பேரும் கூட, அவள் லைன் எப்போது காலியாகும், தங்கள் அடிகளையும் எப்போது சொல்லலாம் என்பது போலக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.